வீட்டில் 8 பக்கம், கடையில் 9 பக்கம்

2024 மார்ச் 2, மாலை. பட்டர்வொர்த்திலிருந்து வந்த கேள்வி

"இந்த மாசக் கடைசியில் எங்கள் கோயிலில் பங்குனி உத்திரம். நிகழ்ச்சி நிரலை நான்தான் வேர்டில் தட்டினேன். ஏ5 அளவு, லதா எழுத்துரு, 11 பாயிண்ட், சரியாக 8 பக்கம். வீட்டு பிரிண்டரில் அழகாக வந்தது. நேற்று பென்டிரைவில் போட்டுக்கொண்டு போட்டோஸ்டாட் கடைக்குப் போனால் அங்கே 9 பக்கமாகிவிட்டது. நேரம் ஒரு வரியில், பூசையின் பெயர் அடுத்த வரியில் என்று பட்டியல் கலைந்து கிடக்கிறது. சில இடங்களில் எழுத்தின் தலையே இல்லை. கடைத் தம்பி, தமிழ் ஃபாண்ட் எப்போதும் இப்படித்தான் அக்கா, படமாக மாற்றிக் கொண்டு வாங்க என்கிறார். கோயில் தலைவரும் அதையே சொல்கிறார். தமிழ் எழுத்து அச்சுக்கு ஒத்துவராது என்பது உண்மைதானா அண்ணே? 300 பிரதி வேண்டும்."

மார்ச் 2, இரவு

உண்மை இல்லை, தங்கச்சி. உன் கோப்பு கடைக்குப் போனது, உன் எழுத்துரு வீட்டிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. வேர்டு கோப்புக்குள் "இந்த வரி லதாவில் இருக்கிறது" என்ற பெயர் மட்டும்தான் போகும், லதாவின் எழுத்து வடிவங்கள் போகாது. திறக்கிற கணினியில் லதா இல்லையென்றால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் வேறு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும், பெரும்பாலும் நிர்மலா யுஐ. இரண்டுக்கும் எழுத்தின் அகலம் வேறு, வரியின் உயரம் வேறு. ஒரு வரியில் ஒரே ஒரு சொல் கீழே இறங்கினால் போதும், அப்புறம் கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாம் தள்ளிக்கொண்டே போகும்.

லதா ஏன் அங்கே இல்லை என்று கேட்பாய். விண்டோஸ் 2000-இலிருந்து 8.1 வரை லதா கூடவே வந்தது, அதனால் நாம் எல்லாரும் அது எங்கும் இருக்கும் என்று பழகிவிட்டோம். விண்டோஸ் 10-இல் லதாவையும் விஜயா என்ற இன்னொரு தமிழ் எழுத்துருவையும் தனியாகப் பிரித்து, வேண்டுபவர்கள் இறக்கிக்கொள்ளும் கூடுதல் வசதியாக வைத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற இடத்தில் "தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்" என்று இருக்கும். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தவர்களுக்கு அது தானாகவே இறங்கிவிடும், உன் வீட்டில் அப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும். கடைக் கணினியில் யார் தமிழைச் சேர்க்கப் போகிறார்கள்?

வேர்டிலேயே சேவ் ஆஸ் போய் பிடிஎஃப் ஆக்கு. அதை மட்டும் கடைக்குக் கொடு. வேர்டு கோப்பைக் கொடுக்காதே.

மார்ச் 3, காலை

படமாக மாற்றச் சொன்னதைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. தயவுசெய்து வேண்டாம். திரையைப் படம் பிடித்தால் பொதுவாக அங்குலத்துக்கு 96 புள்ளிதான் கிடைக்கும். அச்சில் சின்ன எழுத்து தெளிவாக வர 300 வேண்டும். ஏ5 பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் 1748-க்கு 2480 புள்ளி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இன்னும் சுருங்கும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளிதான். 11 பாயிண்டில் அது ஒரு மணல் பருமன். கோயிலுக்கு வருபவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வாசிக்கிற பெரியவர்கள். அவர்களுக்கு மங்கலான தாளைக் கொடுக்கக் கூடாது.

மார்ச் 3, மதியம்

பிடிஎஃப் ஆக்கினால் முடிந்தது என்பதுபோல் எழுதிவிட்டேன், அது போதாது. ஆக்கியபின் அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல்-டி அழுத்து. ஃபாண்ட்ஸ் என்று ஒரு தாவல் வரும். அங்கே உன் எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் "எம்பெடட் சப்செட்" என்று இருக்க வேண்டும். பயன்படுத்திய எழுத்து வடிவங்கள் கோப்புக்குள்ளேயே ஏறிவிட்டன என்று அதற்குப் பொருள். அந்தச் சொல் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் வேர்டில் பட்ட அதே பாடு பிடிஎஃப்பிலும் படுவாய். ஒவ்வொரு முறையும் பார், அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் அதே பெட்டியில் முதல் தாவலில் பக்க அளவு இருக்கும். 148-க்கு 210 மில்லிமீட்டர் என்று காட்டுகிறதா?

மார்ச் 3, இரவு

பட்டர்வொர்த் தங்கச்சி அளவைப் பார்த்துச் சொன்னாள்: 139.7-க்கு 215.9. அது ஏ5 இல்லை. அமெரிக்க லெட்டர் தாளைப் பாதியாக மடித்த அளவு, ஸ்டேட்மென்ட் என்று வேர்டு பட்டியலில் இருக்கும். பட்டியலில் பக்கத்துப் பெயரைத் தொட்டிருக்கிறாள், அல்லது வேறு யாரோ செய்த பழைய கோப்பின் மேலேயே தட்டியிருக்கிறாள்.

இது நம் ஊரில் ஓயாத தொல்லை. மலேசியாவில் கடையில் வாங்குகிற தாள் ஏ4, 210-க்கு 297. மென்பொருளில் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்தால் புதுக் கோப்பு லெட்டர் அளவில் திறக்கும், 215.9-க்கு 279.4. அகலத்தில் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் கூட, உயரத்தில் 17 மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. திரையில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அச்சில் போடும்போது ஒன்று பிரிண்டர் "லோட் லெட்டர்" என்று விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றுவிடும், இல்லை வேர்டு தானாகச் சுருக்கி ஏ4-இல் அடக்கிவிடும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட், அதில் பிரிண்ட் பகுதி, அங்கே ஏ4-க்கும் லெட்டருக்கும் தக்கபடி அளவை மாற்றச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, அதன் வேலை இது. உதவி செய்வதாக நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தப்பு அளவில் செய்த கோப்பு என்பது கடைசி வரை நமக்குத் தெரியாமலே போகிறது.

ஆகவே தட்டத் தொடங்குவதற்கு முன்னால் பேஜ் லேஅவுட், சைஸ், ஏ5. ஓரம் நாலு பக்கமும் 12 மில்லிமீட்டராவது. பிறகுதான் பிள்ளையார் சுழி. எல்லாம் தட்டி முடித்துவிட்டு அளவை மாற்றினால் பட்டியல்களை மறுபடி ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்ய வேண்டும், அவள் இன்றிரவு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

மார்ச் 5

கோலாலம்பூர் நண்பர் ஒருவர், "இவ்வளவு பதற வேண்டுமா, ஒரு பக்கம் கூடினால் கூடட்டுமே" என்று எழுதியிருந்தார். நான் ஏன் பதறுகிறேன் என்று சொல்கிறேன்.

2017-இல் என் அத்தை தவறினார். அப்பாவின் அக்கா, என்னை ஆறு வயது முதல் வளர்த்தவர். பதினாறாம் நாள் காரிய அழைப்பு அட்டையை நானே செய்தேன், வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. ஒரே பக்கம், ஏ5. மேலே அவர் படம், நடுவில் பெயரும் பிறப்பும் மறைவும், அப்புறம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர்கள், கடைசி வரியில் "காலை 9:00 மணிக்குப் பூசை தொடங்கும்". என் வீட்டில் அப்போது விண்டோஸ் 7. லதாவில் அந்தக் கடைசி வரி பக்கத்தின் அடியில் இம்மியளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. பார்த்துத் திருப்தியாக இருந்தது.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்களிடம் புது விண்டோஸ் 10 கணினி. எழுத்துரு மாறியது, பெயர்ப் பட்டியல் இரண்டு வரி நீண்டது, கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு பக்க அட்டை என்று நான் சொல்லியிருந்ததால் முதல் பக்கத்தை மட்டும் 120 பிரதி எடுத்து, வெட்டி, கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடையில் பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பிகள் வாங்கிக்கொண்டு போய் விநியோகித்துவிட்டார்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து அத்தையின் தம்பி முறை ஒருவர், எனக்குச் சித்தப்பா, எழுபது தாண்டியவர், பதினொன்றரை மணிக்கு வந்து சேர்ந்தார். பூசை முடிந்து பந்தியில் இலை போட்டுவிட்டோம். வாசலில் நின்றபடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேரம் போடலையேப்பா, மத்தியானம்னு நெனைச்சேன்" என்றார். கோபப்படவில்லை. அக்காவுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விட முடியாமல் போனதே என்றுதான் சொன்னார். அந்த அட்டை ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கத்தில் என்ன போகிறது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான்.

மார்ச் 6

ஈப்போவிலிருந்து கேட்டது: "வேர்டிலேயே எழுத்துருவைக் கோப்பில் சேர்க்கும் வசதி இருக்கிறதே, அது போதாதா?" இருக்கிறது. ஆப்ஷன்ஸ், சேவ், "எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் த ஃபைல்". கடையில் திருத்தம் செய்ய வேண்டிய கட்டாயம் இருந்தால் அதைப் போட்டுக் கொடுக்கலாம். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எல்லா எழுத்துருவும் உள்ளே ஏற அனுமதி கொடுப்பதில்லை, அது அந்த எழுத்துருவை உருவாக்கியவர் வைத்திருக்கும் உரிமத்தைப் பொறுத்தது. அடுத்தது, அதன் கீழேயே "பயன்படுத்திய எழுத்துகளை மட்டும்" என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் கோப்பு சிறிதாகும், ஆனால் கடையில் உட்கார்ந்து ஒரு பெயரைத் திருத்தும்போது அந்தப் பெயரில் கோப்பில் வேறெங்கும் வராத எழுத்து இருந்தால் அது மட்டும் வேறு முகத்தோடு நிற்கும். திருத்தம் வரும் என்று தெரிந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

லதாதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. கோப்பில் ஏற்றலாம், கடைக்காரரிடம் பென்டிரைவில் எழுத்துருவையே கொடுத்து நிறுவச் சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. பெரியவர்கள் வாசிக்கிற தாளுக்கு நான் நோட்டோ செரிஃப் போடுகிறேன், கோட்டில் தடிப்பும் மெலிவும் இருப்பதால் ன-வும் ண-வும் சட்டென்று பிரிந்து தெரிகின்றன. இது என் கண்ணுக்கு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இரண்டையும் அச்சடித்துக் காட்டிக் கேளுங்கள்.

மார்ச் 8

முதல் நாள் எழுதியதில் ஒரு தப்பு. எழுத்தின் தலை வெட்டுப்பட்டதும் எழுத்துரு மாறியதால்தான் என்று நினைத்துக்கொண்டு அதைத் தனியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இன்று அவள் கோப்பையே அனுப்பினாள். 8 பக்கத்தில் அடக்குவதற்காக வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி 11" என்று வைத்திருக்கிறாள். 11 பாயிண்ட் எழுத்துக்கு 11 பாயிண்ட் வரி என்பது ஆங்கிலத்துக்கே நெருக்கம். தமிழில் மேலே கொக்கியும் சுழியும், கீழே கு, ழு, ரூ இறங்குவதும் இருக்கும்போது இடமே இல்லை. "எக்ஸாக்ட்லி" என்று சொல்லிவிட்டால் வேர்டு சொன்ன உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடும்.

வீட்டில் சரியாக வந்த பிரதியையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தால் அதிலும் வெட்டு இருக்கிறது! அவள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் பக்கத்தில் "மீனாட்சி". ஈகாரத்தின் மேல் சுழி போய்விட்டதால் அது "மினாட்சி" என்று நிற்கிறது. ஸ்ரீ-யின் மேல் வளைவில் பாதி இல்லை. அம்மனின் பெயரிலேயே வெட்டு விழுந்து 300 பிரதி ஓடியிருக்கும்.

பாராகிராஃப் பெட்டியில் "எக்ஸாக்ட்லி"யை எடுத்துவிட்டு "மல்டிபிள்" போட்டு 1.0 அல்லது 1.1 வை. "அட் லீஸ்ட்" என்றாலும் சரி, அது வேண்டிய இடத்தில் வரியை வளர விடும். பக்கம் கூடினால் எழுத்தை நசுக்காதே, உபயதாரர் பட்டியலை இரண்டு பத்தியாகப் போடு.

மார்ச் 9

வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. ஸ்டைலில் எழுத்தளவை 12 என்று மாற்றினாலும் தமிழ் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறதென்றால், அந்த மென்பொருள் தமிழுக்கென்று எழுத்துருவையும் அளவையும் தனியே வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்பதை டிக் செய்யுங்கள், அப்புறம் ஸ்டைலின் ஃபாண்ட் பகுதியில் தமிழுக்கான இடம் தனியாகத் தெரியும்.

மார்ச் 11

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும், இதுவும் சொல்ல வேண்டியதுதான். ஒருவர் தன் அப்பா எழுதி வைத்த தோட்ட வாழ்க்கைக் குறிப்புகளை, 1998-இல் தட்டியது, திறந்தால் முழுதும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரிகிறது, லதாவுக்கு மாற்றியும் பயனில்லை என்கிறார். பயன் இருக்காது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தது, எந்த இடத்தில் எது என்பதில் ஆளுக்கொரு முறை. அதை ஒழுங்குபடுத்தத்தான் 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்கள், அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற பொது ஒழுங்குகள், வந்தன, டிஸ்கி என்ற இன்னொன்று தனியாக இருந்தது. நம் ஊர் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-லேயே வெளியிட்டுவிட்டார், 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உழைத்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை. மேக் கணினியில் இருக்கும் தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்களில் உள்ள எம்என் அவர் பெயர்தான்.

உங்கள் அப்பாவின் கோப்புக்கு வேண்டியது எழுத்துரு மாற்றம் இல்லை, குறியேற்ற மாற்றம். எந்த எழுத்துருவில் தட்டினார் என்று வேர்டின் ஃபாண்ட் பெட்டியில் பெயர் இன்னும் இருக்கும். அந்தப் பெயரை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள், எல்லாவற்றையும் வேறு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்துவிட்டால் அந்தத் துப்பும் போய்விடும். பிறகு அந்த முறைக்கான மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, மூலத்தோடு வைத்து வரி வரியாகப் படியுங்கள். ஒகர ஓகாரங்களிலும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களிலும்தான் அதிகம் பிழை விழும். அசல் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து வேலை செய்யுங்கள்.

மார்ச் 14

நிரல் 8 பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. இனி மடிப்பு.

ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 புத்தகம், ஆகவே பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 9 பக்கம் என்றால் 12-க்குப் போய் மூன்று வெற்றுப் பக்கம் விட வேண்டியிருந்திருக்கும். எட்டுக்கு இரண்டு தாள் போதும். முதல் தாளின் ஒரு பக்கத்தில் 8-உம் 1-உம், அதன் பின்னால் 2-உம் 7-உம். அடுத்த தாளில் 6-உம் 3-உம், பின்னால் 4-உம் 5-உம். இதை நீ வரிசைப்படுத்த வேண்டாம், அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் "புக்லெட்" என்று அழுத்தினால் அதுவே அடுக்கும். இரு பக்க அச்சில் குறுகிய விளிம்பில் திருப்பச் சொல்ல வேண்டும், நீண்ட விளிம்பு என்று இருந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

மார்ச் 14, சற்று நேரம் கழித்து

"ஃபிட்" பற்றியும் சொல்கிறேன், கடையில் அதுதான் எப்போதும் அழுத்தப்பட்டிருக்கும். பிரிண்டரால் தாளின் விளிம்பு வரை அச்சிட முடியாது, நாலைந்து மில்லிமீட்டர் விட்டுவிடும். "ஃபிட்" என்றால் பக்கம் முழுவதையும் அந்த உள் எல்லைக்குள் சுருக்கிவிடும். ரசீதுப் புத்தகம்போல் முன்பே கோடு அச்சான தாளில் பெயரும் தொகையும் கட்டத்துக்குள் விழ வேண்டுமென்றால் அந்தச் சிறு சுருக்கமே எல்லாவற்றையும் கோட்டின் மேல் ஏற்றிவிடும், அதற்கு "ஆக்சுவல் சைஸ்" தவிர வேறு வழியில்லை. எல்லாவற்றுக்கும் ஆக்சுவல் சைஸ்தான் என்று எழுத வந்தேன், யோசித்தால் புக்லெட்டில் ரீடர் தானே கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். ஓரம் 12 மில்லிமீட்டர் விட்டிருப்பதால் கோயில் நிரலில் அதனால் ஒன்றும் கெடாது. அதை விட்டுவிடு.

300-ஐயும் ஒரேயடியாக ஓட விடாதே. ஒரே ஒரு பிரதி எடுக்கச் சொல். 50 சென்னோ ஒரு வெள்ளியோ கேட்பார்கள், கொடு. அங்கேயே நின்று மடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, விரல் வைத்துப் படி. பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை.

மார்ச் 19

அச்சாகி வந்துவிட்டதாம். படம் அனுப்பியிருக்கிறாள், வெள்ளைத் தாள்தான், அட்டை மட்டும் மஞ்சள். 8 பக்கம். மீனாட்சிக்குச் சுழி இருக்கிறது, ஸ்ரீ முழுதாக இருக்கிறது. கடைத் தம்பி அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருக்களையும் இறக்கி வைத்துக்கொண்டாராம், இவள்தான் பக்கத்தில் நின்று எங்கே போக வேண்டும் என்று காட்டியிருக்கிறாள்.

நான் படத்தைப் பெரிதாக்கி முதலில் பார்த்தது ஐந்தாம் பக்கத்தை. பால்குடம் புறப்பாடு, காலை 7:30. பெயரும் நேரமும் ஒரே வரியில் இருக்கின்றன.